நெஞ்சு மேல உட்கார்ந்தது யாரு? அமுக்குப் பேய் பற்றி ஓர் எளிய விளக்கம்

பேய் நடுராத்திரியில் வரும் என்பார்கள். எனக்கு வந்தது காலை பதினொன்றே கால் மணிக்கு, சித்திரை வெயிலில்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு வேலை முடியும். தண்டையார்பேட்டையில் எங்கள் ஒற்றை ரூம் வீட்டுக்கு வந்து நாலு இட்லியைத் தின்றுவிட்டுப் பாயை விரித்தால் மத்தியானம் வரை அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவேன். அன்று நடுவிலேயே விழிப்பு வந்துவிட்டது. மேலே ஃபேன் சுற்றுவது தெரிகிறது. சுவரில் தினசரி காலண்டர் படபடக்கிறது. வெளியே தண்ணி லாரி வந்து நிற்கிறது, குடங்கள் ஒன்றோடொன்று இடிபடுகின்றன, "ஏய், என் கொடம்தான் மொதல்ல வெச்சது" என்று யாரோ சண்டைக்கு நிற்கிறார்கள். எல்லாம் கேட்கிறது. கையை மட்டும் தூக்க முடியவில்லை. காலும் அசையவில்லை.

வாசற்படியில் கறுப்பாக ஒன்று நின்றது. முகம் கிடையாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே வந்து நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தது. அரிசி மூட்டையை இறக்கி வைத்த கனம். "அம்மா" என்று கத்துகிறேன், தொண்டையைத் தாண்டி வரவில்லை. அம்மா நாலடி தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். முதுகு தெரிகிறது. திரும்பவே மாட்டேன் என்கிறாள்.

எவ்வளவு நேரம் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் என்று சத்தியம் செய்திருப்பேன். உடம்பு விடுபட்டு வாரிச் சுருட்டி எழுந்தபோது அம்மாவின் கையில் இருந்தது அதே வெங்காயம்தான்.

ஆயாதான் முதலில் கவனித்தது. "இன்னாடா மூஞ்சி பேயறஞ்சா மாதிரி கீது?" சொன்னேன். அவள் பதறவில்லை. வெற்றிலை இடிக்கிற சின்ன இரும்பு உரலைத் தள்ளி வைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கேட்பதுபோல் கேட்டாள்.

"மல்லாக்கவா படுத்துனு இருந்த?"

"ஆமா."

"ஒயுங்கா தூங்கி எத்தினி நாளாச்சி?"

"ரெண்டு நாளா சரியா தூங்கல ஆயா. கல்யாணத்துக்குப் போயிட்டு அப்டியே வேலைக்குப் போனேன்."

"கத்தினா சத்தம் வர்லியா?"

"வர்ல."

"அமுக்குப் பேயி. இனிமே ஒருக்களிச்சுப் படு." பாக்குவெட்டியை எடுத்து என் தலையணைக்கு அடியில் செருகினாள். இரும்பு இருந்தால் கிட்ட வராதாம். விஷயம் முடிந்தது. உரல் மறுபடி 'டங் டங்' என்றது.

அந்த மூன்று கேள்விகள் எவ்வளவு சரியானவை என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. ஆயா பேய் என்று சொன்னதை டாக்டர்கள் ஸ்லீப் பராலிசிஸ் என்கிறார்கள். தமிழில் தூக்க முடக்கம் என்று வைத்துக்கொள்வோம். 'பேயை நேரில் பார்த்தேன்' என்று சொல்கிறவர்களை நம்பலாமா என்று கேட்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். இது புரிந்தால் மீதிப் பேய்களைப் பற்றிப் பேசுவது சுலபம்.

சாவி வைத்திருக்கிற பையன் இன்னும் வரவில்லை

தூக்கம் என்பது விளக்கை அணைத்த மாதிரி ஒரே இருட்டு கிடையாது. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வரும். கனவுத் தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண்மணி இங்கும் அங்கும் ஓடும். தூளியில் தூங்குகிற குழந்தையை உற்றுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் இதைக் கருவி வைத்துப் பதிவு செய்து எழுதினார்கள். கண் வேகமாக ஓடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமாக, ரெம் தூக்கம் என்ற பெயர் அதற்குப் பிறகு நிலைத்தது.

கனவில் ஓடுகிறோம், அடிக்கிறோம், மாடியிலிருந்து குதிக்கிறோம். மூளை போடும் உத்தரவு அப்படியே கைகால்களுக்குப் போனால் பக்கத்தில் படுத்திருப்பவர் கதி? பத்துக்குப் பத்து ரூமில் ஆறு பேர் படுக்கிற எங்கள் வீட்டில் தினமும் மண்டை உடைந்திருக்கும். அதனால் கனவு ஓடும்போது மூளைத் தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு ஒரு தடுப்புச் செய்தி போகிறது. தசைகள் தளர்ந்துவிடுகின்றன. பிரான்சில் மிஷெல் ஜூவே என்ற ஆய்வாளர் பூனைகளின் மூளைத் தண்டில் அந்தத் தடுப்பு கிளம்பும் இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். பூனைகள் தூக்கம் கலையாமலே எழுந்து, இல்லாத இரையின் மேல் பாய்ந்தன, இல்லாத எதிரியைப் பார்த்துச் சீறின.

இந்தப் பூட்டு கண்ணை அசைக்கும் தசைகளுக்கும் மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்கும் கிடையாது. மற்றதெல்லாம் பூட்டு.

சாதாரணமாக விழிப்பு வரும்போது பூட்டும் திறந்துவிடும். எப்போதாவது புத்தி முந்திக்கொள்ளும். கடை முதலாளி வந்து வாசலில் நிற்கிறார், ஷட்டர் சாவி வைத்திருக்கிற பையன் இன்னும் வரவில்லை என்கிற மாதிரி. சில நொடிகளோ ஒன்றிரண்டு நிமிஷமோ அவர் வெளியே நின்று தவிக்க வேண்டியதுதான். அந்த இடைவெளியில் வருவதுதான் அமுக்குப் பேய்.

சரி, கை கால் வரவில்லை என்பது புரிகிறது, நெஞ்சில் உட்கார்ந்தது யார்? விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகளும் அப்போது தளர்ந்துதான் கிடக்கின்றன. உதரவிதானம் மட்டும் தன்னால் மூச்சை ஓட்டிக்கொண்டிருக்கிறது. பயந்துபோன நாம் ஒரு மூச்சு நன்றாக இழுத்து விடலாம் என்று பார்க்கிறோம். நெஞ்சுக்கூடு விரிய மறுக்கிறது. விரிய விடாமல் மேலே ஏதோ கனம் இருக்கிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. மல்லாந்து படுத்திருந்தால் நாக்கும் தொண்டைத் தசையும் பின்பக்கம் சரிந்து மூச்சு இன்னும் இறுகும். மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆயா எழுதவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கறுப்பு உருவம்? கண் திறந்தாலும் கனவு முழுசாகக் கலையவில்லை. நிஜமான ஃபேன், நிஜமான காலண்டர், நிஜமான தண்ணிச் சண்டை, இவற்றின் மேல் கனவு கசிந்து படிகிறது. அதோடு ஆபத்தை மோப்பம் பிடிக்கிற அமிக்டலா என்ற பகுதி ரெம் நேரத்தில் சுறுசுறுப்பாக இருக்கும். ஆபத்து என்று மணி அடிக்கிறது, ஆள் யார் என்று தெரியவில்லை. மூளை ஓர் ஆளை நிறுத்திவிடுகிறது.

இதைப் பற்றிப் படித்ததில் என்னை உலுக்கியது 2006-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு குறிப்பு. சுவிட்சர்லாந்தில் வலிப்பு நோய்க்காகப் பரிசோதனையில் இருந்த ஒரு பெண்ணின் மூளையில், இடது காதுக்குச் சற்று மேலே பின்புறமாக இருக்கும் பகுதியில் மின்சாரத்தை லேசாகத் தொட்டார்கள். தனக்குப் பின்னால் யாரோ இருப்பதாக அவர் சொன்னார். அவர் படுத்திருந்தால் அந்த ஆளும் கீழே படுத்திருந்தான். உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் அவனும் உட்கார்ந்து பின்னாலிருந்து அவரைக் கட்டிக்கொண்டான். தன் உடம்பு இருக்கும் இடத்தைக் கணக்கு வைக்கிற பகுதி குழம்பியதும், தன்னையே வேறொரு ஆளாக உணர்ந்திருக்கிறார். மின்சாரத்தை நிறுத்தியதும் ஆள் இல்லை.

பகல் பதினொன்றே கால் என்ற கணக்கும் இப்போது சரியாக வரும். கனவுத் தூக்கம் விடிகாலையை ஒட்டித்தான் அதிகம். உடம்புக்குள் ஓடும் கடிகாரம் அப்படி. ராத்திரி முழுக்க விழித்துவிட்டுக் காலையில் தலையைச் சாய்ப்பவன், அதுவும் தூக்கக் கடன் வேறு வைத்திருப்பவன், சீக்கிரமே கனவுக்குள் விழுவான், அரைகுறையாக எழுவான். துறைமுகத்தில், யார்டில், ஆஸ்பத்திரியில், ராத்திரி மூன்று மணிக்கு வலையேற்றிக் கொண்டு காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிற படகில் வேலை பார்ப்பவர்கள் வடசென்னையில் எத்தனை பேர்! எங்கள் பக்கம் பேய்க்கதை ஜாஸ்தி என்றால் அதற்கு ஷிஃப்ட் முறையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தெருவுக்கு ஏழெட்டுப் பேர்

2011-இல் பிரையன் ஷார்ப்லெஸ், ஜாக் பார்பர் என்ற இரு உளவியலாளர்கள், அதுவரை நடந்த 35 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 36,533 பேர். பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்திருந்தது. மாணவர்களில் 28.3 சதவீதம். பரீட்சைக்கு முந்தின ராத்திரிகளை நினைத்தால் ஆச்சரியமில்லை.

அந்த ஆய்வுகள் சென்னையில் நடந்தவை அல்ல. இருந்தாலும் ஒரு குத்துமதிப்புக்கு, 2011 மக்கள்தொகைக் கணக்கில் சென்னை மாவட்டத்தில் இருந்த 46 லட்சம் பேரை வைத்துப் பெருக்கினால் மூன்றரை லட்சம் வருகிறது. நூறு பேர் இருக்கிற தெருவில் ஏழெட்டுப் பேர். 'எங்க சித்தப்பா பொய் சொல்ற ஆளு கிடையாது, அவரே பாத்திருக்காரு' என்று நம்மிடம் சொல்கிறார்களே, அந்தச் சித்தப்பா பொய் சொல்லவில்லை. மூன்றரை லட்சம் பேரில் அவர் ஒருவர்.

உலகம் முழுக்க இந்தச் சித்தப்பாக்கள் உண்டு. ஜப்பானில் இதன் பெயர் கனாஷிபாரி, உலோகத்தால் கட்டிப்போட்ட நிலை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருகிறாள். எகிப்தில் ஜின். சீனாவில் சொல்லும் பெயரைப் பிரித்தால் 'பேய் உடம்பை அமுக்குவது' என்றே வருகிறது, நம் பெயரை யாரோ அங்கே கொண்டுபோய் விட்டமாதிரி. கனமும், அசையாத உடம்பும், வராத குரலும் எல்லா ஊரிலும் ஒன்று. உருவம் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. மாசி மாதம் சிவராத்திரி கழிந்த அமாவாசைக்கு மயானக் கொள்ளை பார்த்து, அங்காளம்மன் வேஷம் கட்டி வாயில் கோழியோடு வருபவரைப் பார்த்து அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்ட பிள்ளைக்குக் கனவு வேறு எங்கிருந்து துணி எடுத்துத் தைக்கும்?

நம்பிக்கை உருவத்தைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. பலாண்ட் ஜலால், டெவன் ஹின்டன் என்ற ஆய்வாளர்கள் எகிப்தையும் டென்மார்க்கையும் ஒப்பிட்டு 2013-இல் எழுதினார்கள். இது ஜின்னின் வேலை என்ற பேச்சு புழங்குகிற எகிப்தில் அந்த முடக்கம் அடிக்கடி வந்தது, அதிக நேரம் நீடித்தது, செத்துவிடுவோம் என்ற பயமும் அதிகம். ஒரு வட்டம் மாதிரி இது. பயந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுபடி அமுக்கும், அமுக்கினால் பயம் கூடும். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்ற பழமொழியைப் பேயைக் கிண்டல் செய்யச் சொல்கிறோம். அதில் இருக்கிற வரிசையைக் கவனியுங்கள். முதலில் அரள்கிறான், பேய் அப்புறம்.

ஆயாவின் பாக்குவெட்டிக்கும் இதில் வேலை உண்டு. இரும்புக்குப் பயந்து பேய் ஓடியதா தெரியாது, நான் பயமில்லாமல் தூங்கினேன். அதனால் யாராவது தலைமாட்டில் சாவிக்கொத்தோ விளக்குமாறோ வைத்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை. செலவில்லாத வைத்தியம். எந்திரத் தகடு என்று சொல்லி எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனானே ஒருவன், அவனைத்தான் பொறுக்க முடியவில்லை.

உங்களுக்கு வந்தால்: எழுந்து உட்காரப் போராடாதீர்கள். விரல் நுனியையோ கால் கட்டை விரலையோ மட்டும் அசைக்கப் பாருங்கள், மூச்சை அதன் போக்கில் விடுங்கள். விடுபட்டதும் அப்படியே திரும்பக் கண்ணை மூடினால் மறுபடி வரலாம். எழுந்து முகம் கழுவிவிட்டுப் படுங்கள். எப்போதோ ஒரு முறை வருவதற்கு மருந்து தேவையில்லை. வாராவாரம் வந்தால், பகலில் அடக்க முடியாமல் தூக்கம் சொக்கினால், சிரிக்கும்போது முழங்கால் துவண்டால், நார்கோலெப்சி என்ற தூக்க நோயாக இருக்கலாம். அதற்கு டாக்டரைப் பாருங்கள்.

விளக்கம் சொல்பவனும் ஆதாரம் காட்டணும்

இது வரைக்கும் படித்துவிட்டு, அப்போ எல்லாப் பேயும் தூக்க முடக்கம்தானா என்றால், கிடையாது. நின்றுகொண்டு பார்த்தவர்கள், நடந்து போகும்போது கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் சட்டைப்பையிலிருந்து ஒரு விளக்கத்தை எடுத்து நீட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, அவர்கள் என் பக்கத்து ஆட்களாக இருந்தாலும்.

புளியமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பார்கள். உடனே ஓர் அறிவாளி, 'ராத்திரியில் மரம் கரியமில வாயு விடும், அதில் மூச்சு முட்டும், அதைத்தான் பேய் என்றார்கள்' என்பார். பள்ளிக்கூடத்தில் எனக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். திறந்த வெளியில் மரம் விடும் வாயு தேங்கி நிற்காது, காற்றில் கலைந்துபோகும். மூச்சு முட்டுகிற அளவுக்கு அங்கே சேராது. நாமும்தான் ராத்திரி முழுக்கக் கரியமில வாயு விடுகிறோம், ஒரே ரூமில் ஆறு பேர். பேய்க்கதைக்குப் பதில் இன்னொரு கதை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் விக் டான்டி என்ற பொறியாளருக்கு நடந்தது இதைவிட நல்ல பாடம். வேலை பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் ஒரு ராத்திரி குளிர் பரவி, வியர்த்து, ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஏதோ நகர்வது தெரிந்தது. நேராகத் திரும்பினால் ஒன்றுமில்லை. மறுநாள் தன் வாள்சண்டைக் கத்தியைப் பட்டறைப் பிடியில் மாட்டியிருந்தார். யாரும் தொடாமலே கத்தி அதிர்ந்தது. தேடிப் பார்த்ததில், புதிதாகப் போட்ட ஒரு காற்று வெளியேற்றும் ஃபேன், காதுக்குக் கேட்காத, நொடிக்குச் சுமார் 19 அதிர்வு உள்ள ஒலியை அறைக்குள் நிரப்பிக்கொண்டிருந்தது. ஃபேனைச் சரி செய்ததும் பேயும் போயிற்று. 1998-இல் அவர் இதை எழுத, உலகமெல்லாம் 'பேய்க்குக் காரணம் கேளா ஒலி' என்று பரவிவிட்டது.

பிறகு லண்டனில் ஓர் அறையை அமைத்து, அந்த மாதிரி ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் போட்டும் நிறுத்தியும் ஆட்களை உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2009-இல் வந்தது. நிறையப் பேருக்கு விசித்திர உணர்ச்சிகள் வந்தன. ஆனால் ஒலி ஓடியதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'உள்ளே ஏதாவது தோன்றலாம்' என்று முன்னாலேயே சொல்லி அனுப்பியதுதான் வேலை செய்திருக்க வேண்டும் என்றார்கள். அரண்டவன் கதைதான், லண்டனிலும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு 'டக்... டக்' என்று யாரோ மேலே நடப்பார்கள். பத்தடித் தகரம் வெயிலில் காய்ந்து ராத்திரி இருபது டிகிரி ஆறினால் முக்கால் மில்லிமீட்டர் சுருங்கும். ஆணி பிடித்திருக்கும் இடத்தில் சுருங்க முடியாமல் நின்று, சட்டென்று விடும். இந்த விளக்கத்தை நான் நம்புவதற்குக் காரணம், சோதித்துப் பார்க்க முடிந்தது. மழை பெய்து வெயிலே இல்லாத நாட்களில் யாரும் நடக்கவில்லை.

அனுபவம் நடந்தது என்பது ஒன்று. அதற்கு நாம் வைக்கிற பெயர் இன்னொன்று. 'எனக்கு நடந்துச்சு' என்பது முதலாவதற்குச் சாட்சி. இரண்டாவதற்கு வேறு சாட்சி வேண்டும், பேய் என்றாலும் சரி, வாயு என்றாலும் சரி. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-இல், அற்புத சக்தியை மோசடிக்கு இடமில்லாத சூழலில் நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

சொல்லச் சொல்ல வளரும் கொலுசு

பேயைப் பார்த்தவரின் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டாம் என்றேன். ஞாபகத்தைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம்.

எங்கள் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், மூலக்கொத்தளம் சுடுகாட்டுப் பக்கம் ராத்திரி வண்டி ஓட்டி வந்தபோது நடந்ததை மறுநாள் காலையில் சொன்னார். "யாரோ நின்னா மாதிரி இருந்துச்சிப்பா. திரும்பிப் பாத்தா இல்ல." அவ்வளவுதான். பொங்கலுக்குச் சொன்னபோது அது பொம்பளை, வெள்ளைப் புடவை. அடுத்த வருஷம் கொலுசுச் சத்தம் சேர்ந்திருந்தது, வண்டி தானாக ஆஃப் ஆகியிருந்தது. அவர் ஒரு நாளும் வேண்டுமென்று இட்டுக்கட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணில் பயம் நிஜமாகத்தான் இருந்தது.

கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் அமெரிக்கப் பழங்குடிகளின் ஆவிக்கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்துத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். 1932-இல் அதைப் பற்றி எழுதினார். புரியாத இடங்கள் உதிர்ந்தன, பழங்குடிகளின் தோணி சாதாரணப் படகாயிற்று, கதை சொல்பவர் ஊர்க் கதையாகவே ஆயிற்று. நினைவு என்பது பெட்டியில் வைத்த போட்டோ மாதிரி இல்லை. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் புதிதாகக் கட்டுகிறோம், கையில் இருக்கிற சாமானை வைத்து. நம்மிடம் இருக்கிற சாமான் வெள்ளைப் புடவையும் கொலுசும்.

(மூலக்கொத்தளம் என்றதும் ஆட்டோ அண்ணனுக்குப் புடவைக்காரிதான் ஞாபகம் வருகிறாள். 1939-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு இறந்த நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் கிடக்கிறார்கள். அவர்களை யாரும் பார்த்ததாகச் சொல்லிக் கேட்டதில்லை.)

அதனால் யாராவது பேய் பார்த்தேன் என்றால், சிரிக்காமல், அன்றைக்கே, சின்னச் சின்னதாகக் கேளுங்கள். படுத்திருந்தாயா நின்றிருந்தாயா? எத்தனை மணி? அந்த இடத்தைப் பற்றி முன்னாலேயே ஏதாவது கேள்விப்பட்டிருந்தாயா? கூட இருந்தவருக்கும் தெரிந்ததா? பேய் என்ற வார்த்தையை விட்டுவிட்டுச் சொல்லச் சொன்னால் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கலாம்.

ஒரு இடத்தில் மட்டும் பொறுமை வேண்டாம்

எங்கள் தெருவில் பிள்ளை பெற்று வந்த பெண் ஒருத்தி பதினைந்தாம் நாள் தூக்கமே இல்லாமல் தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். குழந்தை தன்னுடையது இல்லை என்றாள். பச்சை உடம்பு, காத்து கருப்பு அடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள், தண்ணி ஓதி முகத்தில் தெளித்தார்கள், செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கும் கூட்டிப்போனார்கள். எங்கள் பக்கத்தில் இந்த விஷயத்தில் மட்டும் மதபேதம் கிடையாது. மூன்று வாரம் ஓடியது. கடைசியில் ஒரு நர்ஸ் அக்கா சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். பிரசவத்துக்குப் பிறகு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் மனநோய் அது. தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தான அவசர நிலை, மருந்தில் குணமாவதும்கூட. இன்று அந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போகிறது.

அமுக்குப் பேய் ஒரு நிமிஷத்தில் இறங்கிப் போய்விடும். 'பேய் பிடிச்சிருக்கு' என்று பெயர் வைத்து ஒருவரை உட்கார வைப்பது அப்படி இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடி தர்காவை ஒட்டிய ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயிலிருந்து ஓட முடியாமல் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. தர்காவுக்கோ கோயிலுக்கோ போவது உங்கள் விருப்பம், ஆனால் அதே நாளில் டாக்டரிடமும் போங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416.

செத்தவர்கள் வருவது

எல்லாம் சரி, செத்துப்போன நம் ஆட்கள் வருகிறார்களே, அது? வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற டாக்டர் தன் பகுதியில் துணையை இழந்த 293 பேரைப் பேட்டி கண்டு 1971-இல் எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்த கணவனோ மனைவியோ பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்திருந்தார்கள். சிலர் உருவத்தைப் பார்த்தார்கள், சிலர் குரலைக் கேட்டார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பைத்தியம் என்பார்களோ என்ற கூச்சம். அவர்களில் பலருக்கு அது பயமாக இல்லை, ஆறுதலாக இருந்தது. நாற்பது வருஷம் ஒரு ஆள் இன்ன நேரத்துக்கு இருமுவார், இன்ன பக்கம் படுப்பார் என்று பழகிய மூளை, ஆள் போன மறுநாளே எதிர்பார்ப்பதை நிறுத்திவிடாது.

ஆயா போய் மூன்று மாசம் இருக்கும். நான் அப்போது நைட் ஷிஃப்டை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்தது. அடுப்படிப் பக்கம் 'டங்... டங்... டங்' என்று உரல் சத்தம். நடுவில் ஒரு சின்ன நிறுத்தம், பாக்கு நசுங்கியதா என்று விரலால் தடவிப் பார்க்கிற நிறுத்தம், மறுபடி 'டங்'. கை கால் எல்லாம் நன்றாக அசைந்தது. நான்தான் அசைக்கவில்லை, சத்தம் நின்றுவிடப்போகிறதே என்று. உரல் பரணில், துணி சுற்றிக் கிடக்கிறது. எனக்கு 1971-உம் தெரியும், 293-உம் தெரியும்.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். தோசைக் கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி மணிக்கு?"

"நாலு."

"மல்லாக்கவா படுத்துனு இருந்த?"

"ஆமா."

அம்மா மாவை ஊற்றித் தேய்த்தாள். ஓரம் சிவக்கிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. பிறகு கல்லைப் பார்த்தபடியே, "எனக்கு ஒரு தபா கூட கேக்கலியே" என்றாள்.